தொலைதூரப் போரும் வளரும் நாட்டின் பொருளாதாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலகின் ஏதோ ஒரு மூலையில் போர் மூளும்போதெல்லாம் ஒரே வகையான ஐயங்கள் மீண்டும் மீண்டும் என்னிடம் வந்து சேர்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து, எளியதிலிருந்து சிக்கலானதை நோக்கி அடுக்கியிருக்கிறேன். ஒரு பதிலில் விளக்கியதை மற்றொன்றில் திரும்பச் சொல்லாமல் கேள்வியின் எண்ணைச் சுட்டியிருப்பதால், நடுவிலிருந்து படிப்பவர்கள் முதல் இரண்டு பதில்களையாவது பார்த்துவிடுவது நல்லது.

1. சண்டை எங்கோ நடக்கிறது, நாம் அதில் எந்தப் பக்கமும் இல்லை. பிறகு நம் பொருளாதாரம் ஏன் பாதிக்கப்பட வேண்டும்?

வளரும் நாடு ஒன்று வெளியிலிருந்து வாங்குபவற்றில் பெரும்பகுதி தவிர்க்க முடியாதவை: எரிபொருள், உரம், தானியம், மருந்துக்கான மூலப்பொருள், இயந்திர உதிரிபாகம். இவற்றின் விலையைச் சொந்த நாணயத்தில் கொடுக்க முடியாது; பெரும்பாலும் அமெரிக்க டாலரில்தான் கொடுக்க வேண்டும். அந்த டாலர் ஏற்றுமதி, வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் பணம், சுற்றுலா, கடன் ஆகிய வழிகளில் வருகிறது. தொலைவில் நடக்கும் போர் இறக்குமதிப் பொருள்களின் விலையை ஏற்றுவதோடு, டாலர் வரும் வழிகளில் ஒன்றையோ இரண்டையோ அடைத்தும் விடுகிறது.

ஆகவே, போர்ச் செய்தியைக் கேட்டவுடன் யார் வெல்வார்கள் என்று பார்ப்பதற்கு முன், நம் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு எத்தனை மாத இறக்குமதிக்குப் போதும் என்று பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு வழியில் இந்தக் கணக்குக்கே வந்து சேரும்.

2. சண்டை போடும் நாட்டிலிருந்து நாம் எண்ணெய் வாங்குவதே இல்லை. நமக்கும் ஏன் விலை ஏறுகிறது?

கச்சா எண்ணெய்க்கு உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒரே சந்தை. ஓரிடத்தில் வரத்து குறைந்தால், அங்கே வாங்கிவந்தவர்கள் நமக்கு விற்பவரிடம் வந்து நிற்பார்கள். 1973 அக்டோபரில் எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலுடன் போரிட்டபோது, அரபு எண்ணெய் நாடுகளின் தடை முதன்மையாக அமெரிக்கா, நெதர்லாந்து போன்ற நாடுகளைக் குறிவைத்தது. ஆயினும் சுமார் 3 டாலராக இருந்த ஒரு பீப்பாயின் விலை 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியபோது, அந்தப் பூசலோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளும் அதே நான்கு மடங்கு விலையைக் கொடுக்க நேர்ந்தது.

விலை ஏற்றத்தைவிடக் கொடிய நிலை ஒன்றும் உண்டு. 2022-இல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பிறகு, ரஷ்யக் குழாய்வழி எரிவாயுவுக்கு மாற்றுத் தேடிய ஐரோப்பிய நாடுகள், கப்பலில் வரும் திரவ இயற்கை எரிவாயுவை எவ்வளவு விலை கொடுத்தேனும் வாங்கத் தயாராக இருந்தன. அவற்றோடு போட்டியிட முடியாமல் பாகிஸ்தானும் வங்கதேசமும் நீண்ட மின்வெட்டில் தவித்தன. பாகிஸ்தான் கோரிய டெண்டர் ஒன்றுக்கு விலை சொல்லக்கூட யாரும் முன்வரவில்லை. பணக்கார நாட்டில் கட்டணம் உயர்ந்தது. வளரும் நாட்டில் பொருளே வந்து சேரவில்லை.

3. கிடங்கில் இருப்பது பழைய விலைக்கு வாங்கிய சரக்குதானே? மறுநாளே விலையை ஏற்றுவது கொள்ளை இல்லையா?

ஒரு பகுதி நியாயமானது. பழைய இருப்பை விற்ற பணத்தில்தான் வியாபாரி அடுத்த சரக்கை வாங்க வேண்டும். அது புதிய விலையில் வரும் என்றால், பழைய விலைக்கு விற்பவரால் அதே அளவு சரக்கைத் திரும்ப வாங்க முடியாது. மேலும், சந்தை விலையில் வருங்காலத்தைப் பற்றிய அச்சமும் கலந்திருக்கிறது. 1990 ஆகஸ்டில் இராக் குவைத்தைக் கைப்பற்றிய பின் 40 டாலர் வரை ஏறிய எண்ணெய், 1991 ஜனவரி 17 அன்று கூட்டுப்படைகளின் தாக்குதல் தொடங்கி, சவூதியின் எண்ணெய் வயல்களுக்குப் பெரிய ஆபத்து இல்லை என்று தெரிந்தவுடன், ஒரே நாளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. போர் மூண்ட நாளில் விலை விழுந்ததற்குக் காரணம், அதுவரை விலையில் ஏறியிருந்த அச்சம் நீங்கியதுதான்.

ஆனால் ஏறும்போது மறுநாளே ஏறிய விலை, இறங்கும்போது மாதக்கணக்கில் இறங்காமல் நின்றால், அதற்கு இந்த நியாயம் பொருந்தாது. விற்பவர்கள் நான்கைந்து பேர் மட்டுமே இருக்கும் சந்தைகளில் இது வழக்கமாக நடக்கிறது. அங்கே கேள்வி கேட்க வேண்டியது அரசின் கடமை.

4. கப்பல் பாதையை மாற்றினால் சில நாள் தாமதம் ஆகும், அவ்வளவுதானே?

தாமதம் என்பது அதில் சிறிய பகுதி. 2023 நவம்பரிலிருந்து ஏமனின் ஹூதி படையினர் செங்கடலில் வணிகக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபோது, பெரிய கண்டெய்னர் கப்பல் நிறுவனங்கள் பலவும் சூயஸ் கால்வாயைத் தவிர்த்து, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லத் தொடங்கின. ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான பயணம் ஏறத்தாழ 10 முதல் 14 நாள் வரை நீண்டது. ஒவ்வொரு பயணமும் நீண்டால் அதே அளவு சரக்கை ஏற்ற அதிகக் கப்பல்கள் தேவைப்படும்; காலிக் கண்டெய்னர்கள் திரும்பி வருவதும் தாமதமாகும். எனவே செங்கடல் பக்கமே போகாத வழித்தடங்களிலும் கட்டணம் உயர்ந்தது. ஐரோப்பாவுக்கு ஆயத்த ஆடை அனுப்பும் ஒரு சிறு ஏற்றுமதியாளருக்கு இதன் பொருள் வேறு: பணம் இரண்டு வாரம் தாமதமாக வரும், அந்த இரண்டு வாரத்துக்கும் வங்கி வட்டி ஓடும், பருவத்துக்கான சரக்கு பருவம் தப்பிப் போய்ச் சேர்ந்தால் வாங்குபவர் தள்ளுபடி கேட்பார்.

இதனுடன் போர் இடர்க் காப்பீடும் சேர்கிறது. அபாயப் பகுதி வழியாகச் செல்லும் ஒவ்வொரு பயணத்துக்கும் கப்பலின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று பிரீமியம் வசூலிக்கப்படுகிறது. 10 கோடி டாலர் மதிப்புள்ள கப்பலுக்கு அது 1 சதவீதம் என்றாலே, ஒரு முறை கடந்து செல்ல 10 லட்சம் டாலர். அந்தத் தொகை கப்பல்காரர் கையிலிருந்து போவதில்லை. சரக்குக் கட்டணமாகி, இறக்குமதி விலையாகிக் கடைசியில் நுகர்வோரிடம் வந்து சேரும்.

பாதையில் அமர்ந்திருக்கும் நாடுகளுக்கு இழப்பு இன்னும் நேரடியானது. 2023-இல் சூயஸ் கால்வாயிலிருந்து 1,000 கோடி டாலருக்கும் மேல் ஈட்டிய எகிப்து, 2024-இல் சுமார் 400 கோடி டாலரே ஈட்டியது. ஏற்கெனவே டாலர் நெருக்கடியில் இருந்த நாட்டுக்கு இது பேரிழப்பு.

5. எரிபொருள் புரிகிறது. சாப்பாட்டு விலை ஏன் ஏறுகிறது?

மூன்று வழிகளில். முதலாவது, நேரடி வரத்து. போருக்கு முன் உலகின் கோதுமை ஏற்றுமதியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக்கும் மேல் ரஷ்யாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வந்தது. சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்கும் மேல். தான் வாங்கும் கோதுமையில் மிகப்பெரும் பங்குக்கு இவ்விரு நாடுகளையே நம்பியிருந்த எகிப்து, ஒரே மாதத்தில் மாற்று வழி தேட வேண்டியதாயிற்று. ஐக்கிய நாடுகள் அவையின் உணவு, வேளாண் அமைப்பு வெளியிடும் உணவு விலைக் குறியீடு 2022 மார்ச்சில் அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. அதே ஆண்டு ஜூலையில் இஸ்தான்புல்லில் கையெழுத்தான கருங்கடல் தானிய உடன்பாடு, ஓராண்டில் ஏறக்குறைய 3.3 கோடி டன் உணவுப் பொருள் உக்ரைனிலிருந்து வெளியேற வழி செய்தது. 2023 ஜூலையில் ரஷ்யா அதிலிருந்து விலகியது.

இரண்டாவது, மற்ற நாடுகளின் தற்காப்பு. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. மே மாதத்தில் இந்தியா கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தது. தன் மக்களுக்காக எடுக்கப்பட்ட முடிவுகள் என்ற அளவில் அவற்றைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அவற்றின் சுமை விழுந்தது, தானியத்தை வாங்கியே உண்ணும் வேறு வளரும் நாடுகளின் மீது.

மூன்றாவது உரம். யூரியாவின் மூலப்பொருள் இயற்கை எரிவாயு. பொட்டாஷ் உர ஏற்றுமதியில் ரஷ்யாவும் பெலாரசும் முன்னணியில் உள்ளன. உர விலை ஏறியதும் விவசாயி இடும் அளவைக் குறைக்கிறார். விளைச்சல் குறைவது அடுத்த அறுவடையில்தான் தெரியும். போர்ச் செய்தி நாளிதழ்களின் முதல் பக்கத்திலிருந்து மறைந்த பின்னரும் உணவு விலை ஏறக்கூடும் என்பதற்கு இந்தக் கால இடைவெளியே காரணம். மூன்றிலும் கவனிக்கப்படாமல் போவது இதுதான்.

6. வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் அனுப்பும் பணம் நிற்குமா?

எல்லாப் போரிலும் நிற்பதில்லை. உழைப்பாளர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 1990-இல் குவைத் வீழ்ந்தபோது இந்தியா ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தன் மக்களை விமானங்களில் மீட்டது. அவர்கள் அனுப்பிவந்த டாலர் நின்றது, எண்ணெய்ச் செலவோ அதே வேளையில் உயர்ந்தது. முன்னரே பலவீனமாக இருந்த கையிருப்பு கரைந்து, 1991-இல் ஏறக்குறைய 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் அடகு வைக்கும் நிலை வந்தது. ஜூலையில் ரூபாயின் மதிப்பும் இரண்டு முறை குறைக்கப்பட்டது.

இழப்பு டாலரோடு முடிவதில்லை. ஜோர்டானுக்கு அந்தப் போரின்போது சுமார் 3 லட்சம் பேர் திரும்பி வந்தார்கள். குடும்பத்துக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தவர் வேலை தேடுபவராக ஊர் திரும்பும்போது, பள்ளி, வீட்டு வாடகை, கூலி என எல்லாவற்றிலும் நெருக்கடி ஏற்படுகிறது.

7. நம் நாணயத்தின் மதிப்பு ஏன் விழுகிறது? போர் நம் மண்ணில் இல்லையே?

இறக்குமதிக்கு அதிக டாலர் தேவைப்படுவது முதல் காரணம். அது முதல் பதிலிலேயே இருக்கிறது. மற்றொன்று, உலகில் அச்சம் பரவும்போது முதலீட்டாளர்கள் வளரும் நாடுகளின் பங்குகளையும் கடன் பத்திரங்களையும் விற்றுவிட்டு அமெரிக்கக் கடன் பத்திரங்களைத் தேடிப் போவது.

மிகவும் ஆழமான காரணம் வட்டி. எரிபொருள் விலையால் பணக்கார நாடுகளில் பணவீக்கம் ஏறினால், அவற்றின் மத்திய வங்கிகள் வட்டியை உயர்த்தும். 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த அமெரிக்க அடிப்படை வட்டி, 2023 ஜூலைக்குள் 5.25 முதல் 5.5 சதவீதத்துக்கு ஏறியது. டாலரில் கடன் வாங்கிய நாடுகளுக்கு வட்டியும் ஏறியது, சொந்த நாணயமும் விழுந்தது. முந்தைய தலைமுறையில் இதைவிடப் பெரிய அளவில் இது நடந்தது: 1973-க்குப் பிறகு எண்ணெய் வாங்கவும் வளர்ச்சித் திட்டங்களுக்கும் மலிவு வட்டியில் கடன் வாங்கிய நாடுகள், 1979-க்குப் பின் அமெரிக்க வட்டி 20 சதவீதத்தை நெருங்கியபோது திணறின, 1982 ஆகஸ்டில் மெக்சிகோ தன்னால் கடனைச் செலுத்த இயலாது என்று அறிவித்தது. லத்தீன் அமெரிக்கா அதன் பிறகு ஒரு பத்தாண்டு வளர்ச்சியை இழந்தது.

8. அரசு எரிபொருள் விலையை ஏற்றாமல் மானியம் கொடுத்தால் மக்கள் தப்பிக்கலாமே?

சில மாதங்களுக்குத் தப்பிக்கலாம், அந்தச் சில மாதங்களுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் மானியம் டாலரை உருவாக்குவதில்லை. விலை உயரவில்லை என்றால் பயன்பாடும் குறையாது. அரசு தன் நாணயத்தில் இழப்பை ஏற்கும், டாலர் அதே வேகத்தில் வெளியே போகும். போர் நீண்டால் கடைசியில் விலையை ஒரே நாளில் பல மடங்கு ஏற்ற வேண்டி வரும், அது படிப்படியான உயர்வைவிடக் கடுமையாக வலிக்கும்.

மேலும் எரிபொருள் மானியம் அதிகம் எரிப்பவருக்கே அதிகம் போகிறது. இரண்டு கார் வைத்திருப்பவர் பெறுவதில் சிறு பகுதிதான் பேருந்தில் செல்பவருக்குக் கிடைக்கிறது. ஆகவே, விலையைப் படிப்படியாக ஏற விட்டு, உணவுக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கும் நேரடியாக உதவுவதே சரி என்று நினைக்கிறேன். வருமானத்தில் பாதியை உணவுக்கே செலவிடும் குடும்பத்துக்குப் பத்து சதவீத விலை உயர்வு என்பது ஒரு வேளை உணவைக் குறைப்பது. அந்தக் குடும்பத்திடம் உதவி போய்ச் சேரும் ஏற்பாடு முன்கூட்டியே இல்லை என்றால், நெருக்கடியின் நடுவில் அதை உருவாக்க முடியாது.

9. எண்ணெயோ மூலப்பொருளோ விற்கும் வளரும் நாட்டுக்குப் போர் லாபம்தானே?

வருமானம் ஏறும், உண்மைதான். அது தங்குவதில்லை. 2022-இல் எண்ணெய் விலை ஏறியபோது, ஆப்பிரிக்காவின் பெரிய எண்ணெய் ஏற்றுமதியாளரான நைஜீரியா அதன் பலனை ஏறக்குறைய அனுபவிக்கவே இல்லை. உள்நாட்டுச் சுத்திகரிப்பு ஆலைகள் செயலிழந்திருந்ததால் பெட்ரோலை வெளியிலிருந்து வாங்கி, மானிய விலையில் விற்றது. கூடுதல் வருமானத்தை அந்த மானியமே விழுங்கியது. 2023 மே மாதம் மானியம் நீக்கப்பட்டதும் பெட்ரோல் விலை இரண்டரை மடங்குக்கும் மேல் உயர்ந்தது.

பழைய எடுத்துக்காட்டு இன்னும் தெளிவானது. 1950-இல் கொரியப் போர் தொடங்கியதும் ரப்பர் விலை எகிறி, அன்றைய இலங்கைக்கு அந்நியச் செலாவணி குவிந்தது. ஓரிரு ஆண்டுகளில் ரப்பர் விலை சரிந்தது. அரிசி விலையோ உலகச் சந்தையில் ஏறி நின்றது. 1952 டிசம்பரில் சீனாவுடன் ரப்பருக்கு அரிசி என்ற ஒப்பந்தம் செய்ய வேண்டியதாயிற்று. 1953-இல் பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து (நூறு சதம் ஒரு ரூபாய்) 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12 அன்று நாடு தழுவிய ஹர்த்தால் வெடித்து, பிரதமர் டட்லி சேனநாயக்க பின்னர் பதவி விலகினார். போர்க்கால விலையை நிரந்தர வருமானமாக எண்ணிச் செலவைக் கூட்டும் நாடு இப்படித்தான் சிக்கிக்கொள்கிறது.

10. மத்திய வங்கி வட்டியை ஏற்றினால் எண்ணெய் விலை குறைந்துவிடுமா?

குறையாது. உலகச் சந்தை விலையை வளரும் நாடு ஒன்றின் வட்டி விகிதம் அசைக்காது. வட்டியை ஏற்றுவதற்கு வேறு நோக்கங்கள் உண்டு: நாணயத்தின் வீழ்ச்சியைத் தடுப்பது, எரிபொருள் விலை உயர்வு கூலி, வாடகை, கட்டணம் என்று எல்லாவற்றுக்கும் பரவி நிலைத்துவிடாமல் தடுப்பது. அதற்கான விலை, சிறு தொழில்களின் கடன் சுமையும் வேலை இழப்பும். ஏற்றவே கூடாது என்பவர்களும் உடனே ஏற்ற வேண்டும் என்பவர்களும் இதில் ஒரு பாதியை மட்டுமே பேசுகிறார்கள்.

11. இலங்கை 2022-இல் திவாலானது உக்ரைன் போரால்தானே?

இல்லை, ஆனால் போருக்குப் பங்கே இல்லை என்பதும் தவறு. 2019 இறுதியில் செய்யப்பட்ட பெரிய வரிக் குறைப்பு, அதே ஆண்டின் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளாலும் பின்னர் பெருந்தொற்றாலும் வீழ்ந்த சுற்றுலா, 2021-இல் திடீரென விதிக்கப்பட்ட இரசாயன உர இறக்குமதித் தடை, கையிருப்பு வற்றிக்கொண்டிருந்த 2022 ஜனவரியிலும் 50 கோடி டாலர் கடன் பத்திரத்தை முழுமையாகத் திருப்பிச் செலுத்திய முடிவு ஆகிய அனைத்தும் போருக்கு முந்தியவை. பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கியபோது எண்ணெய் விலை ஏறியது. சுற்றுலாப் பயணிகளை அனுப்புவதில் முன்னணியில் இருந்த ரஷ்யாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வரத்து சரிந்தது. ரஷ்யா முக்கியத் தேயிலைச் சந்தையாகவும் இருந்தது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதம்.

இதே விலை உயர்வை அதே மாதங்களில் எதிர்கொண்ட வேறு பல வளரும் நாடுகள் கடன் தவணையை நிறுத்தவில்லை. எனவே ஓர் அரசு எல்லாப் பழியையும் போரின் தலையில் போடும்போது, போருக்கு முந்தைய மாதத்தின் கையிருப்பு எவ்வளவு, குறுகிய காலக் கடன் எவ்வளவு என்று குடிமக்கள் கேட்க வேண்டும்.

12. எந்தப் பக்கமும் சேராமல் இருந்தால் பாதிப்பைத் தவிர்க்கலாமா?

விலையைத் தவிர்க்க முடியாது. காரணம் இரண்டாம் பதிலில். சில சலுகைகள் கிடைக்கலாம். 2022-க்கு முன் இந்தியாவின் கச்சா எண்ணெய் இறக்குமதியில் ஏறக்குறைய 2 சதவீதமாக இருந்த ரஷ்யாவின் பங்கு, தள்ளுபடி விலையால் 2023-இல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. ஆனால் பணம் செலுத்துவது சிக்கலாயிற்று. தன் பெயரில் இந்திய வங்கிகளில் சேர்ந்த ரூபாயைப் பயன்படுத்த வழியில்லை என்று 2023-இல் ரஷ்யாவே வெளிப்படையாகச் சொன்னது. வங்கி, காப்பீடு, கப்பல் ஆகிய மூன்றும் தடை விதிக்கும் நாடுகளின் பிடியில் இருக்கும்வரை நடுநிலைக்கும் ஒரு செலவு உண்டு.

சிறிய நாடுகளுக்கு இந்த இடமும் குறைவு. 1990 நவம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் இராக்குக்கு எதிராகப் படைபலத்தைப் பயன்படுத்த அனுமதித்த 678-ஆம் தீர்மானத்தை ஏமன் எதிர்த்து வாக்களித்தது. அதற்கு முன்பே அதன் நிலைப்பாட்டால் சினமுற்ற சவூதி அரேபியா, ஏமன் தொழிலாளர்களுக்கு அளித்துவந்த சலுகைகளை நீக்கியதால் ஏழு, எட்டு லட்சம் பேர் வெளியேற நேர்ந்தது. தடைகளைப் பின்பற்றுவதால் தனக்கு ஏற்படும் பொருளாதார இடர்ப்பாட்டைப் பாதுகாப்பு அவையிடம் முறையிட, ஐ.நா. சாசனத்தின் 50-ஆம் பிரிவு ஒரு நாட்டுக்கு உரிமை தருகிறது. இராக் மீதான தடைகளின்போது 21 நாடுகள் அப்படி முறையிட்டன. அந்தப் பிரிவு கலந்தாலோசிக்கும் உரிமையைத் தருகிறதே தவிர, இழப்பீட்டை உறுதி செய்வதில்லை.

13. போர் நின்றால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடுமா?

கச்சா எண்ணெய் விலை விரைவில் இறங்கலாம். மற்றவை அப்படியல்ல. பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்று பொருள். ஏறிய விலை பெரும்பாலும் அங்கேயே நிற்கும், கூலி அதை எட்டிப் பிடிக்க ஆண்டுகள் ஆகும். கப்பல் பாதையும் உடனே திறப்பதில்லை: 1967 ஜூனில் ஆறு நாள் நடந்த போரில் மூடப்பட்ட சூயஸ் கால்வாய் 1975 ஜூனில்தான் மீண்டும் திறந்தது.

போர்க்காலத்தில் வாங்கிய கடனின் தவணைகள் பெரும்பாலும் போர் முடிந்த பிறகே வரும் என்பதை ஏழாம் பதிலின் 1982 நிகழ்வு காட்டுகிறது. ஆகவே போர்நிறுத்தச் செய்தி வந்த பிறகும் கவனிக்க வேண்டியவை சில உண்டு: மூன்று மாத இறக்குமதிக்குக் குறையாத கையிருப்பு இருக்கிறதா, அடுத்த ஓராண்டில் செலுத்த வேண்டிய வெளிநாட்டுக் கடன் அந்தக் கையிருப்பில் எவ்வளவு பங்கு, அடுத்த விதைப்புப் பருவத்துக்கான உரம் துறைமுகத்துக்கு வந்துவிட்டதா. மத்திய வங்கி மாதந்தோறும் வெளியிடும் அறிக்கையில் முதல் எண்ணையும், நிதி அமைச்சகத்தின் கடன் அறிக்கையில் இரண்டாவதையும் காணலாம். மூன்றாவதை விவசாயிகளிடம் கேட்டால் தெரிந்துவிடும்.